அப்பர்ச்சரும் டெப்த் ஆஃப் ஃபீல்டும்: ஏற்காட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கேமரா வாங்கிய ஏழெட்டுப் பேரைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அடிவாரத்தில் டீ குடிக்கும்போது ஆரம்பிக்கிற கேள்விகள் இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியும் ஓய்வதில்லை. அதில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை: பின்னணி ஏன் மங்குகிறது, ஏன் மங்கவில்லை, அதை எப்படி நம் கைக்குள் கொண்டுவருவது. ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஏ.பி.எஸ்-சி அளவு சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார் கொண்ட கிராப் சென்சார் கேமரா. அதனால் கீழே உள்ள சென்டிமீட்டர் கணக்குகள் எல்லாம் அதற்கானவை. டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்பது படத்தில் முன்னிருந்து பின்வரை தெளிவாகத் தெரிகிற பகுதியின் நீளம். அதைச் சுருக்கமாக 'ஆழம்' என்றே எழுதுகிறேன்.

அப்பர்ச்சர் என்றால் என்ன? எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது என்கிறார்களே, குழப்பமாக இருக்கிறதே?

லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். அவை விரிந்தும் சுருங்கியும் நடுவில் ஒரு துளையை உண்டாக்கும். அந்தத் துளைதான் அப்பர்ச்சர். வெளிச்சம் அது வழியாகத்தான் உள்ளே போகிறது.

துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் ஒரு பின்னம். லென்ஸின் குவிய நீளத்தை (லென்ஸில் மி.மீ. கணக்கில் எழுதியிருப்பது) அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 வைத்தால் 50-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும்: துளை 25 மி.மீ. எஃப்/8 வைத்தால் 6.25 மி.மீ. எஃப்/16 என்றால் மூன்று மி.மீ.தான். ஒரு சேலத்து மாம்பழத்தை இரண்டாக அறுத்தால் கைக்கு வருகிற துண்டு பெரியது. எட்டாக அறுத்தால் சின்னது. எஃப் எண்ணும் அப்படித்தான், எத்தனை துண்டு என்பதைச் சொல்கிறது.

இந்த வகுத்தல் கணக்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

2.8, 4, 5.6, 8, 11 என்று ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள்?

ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிறது. வெளிச்சம் துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு பாதியாக, விட்டத்தை 1.4-ஆல் வகுத்தால் போதும். அதனால்தான் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்காகப் போகிறது. ஒன்று விட்டு ஒன்றைப் பார்த்தால் சரியாக இரட்டிப்பு: 2, 4, 8, 16.

துளை சின்னதானால் பின்னால் இருப்பதும் ஏன் தெளிவாகிறது? காரணம் சொல்லாமல் மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள்.

காரணத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு கெட்டி அட்டையில் ஊசியால் சின்னத் துளை போடுங்கள். ஒரு செய்தித்தாளைக் கண்ணுக்கு மிக அருகில், எழுத்து கலங்கிப் போகும் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது கண்ணுக்கு ஒட்டி அட்டையை வைத்து, அந்தத் துளை வழியாகப் படியுங்கள். எழுத்து இருட்டாகத் தெரியும், ஆனால் தெளிவாகிவிடும். கண்ணாடி போடாதவர்கள் தூரத்து பஸ் போர்டைப் படிக்கக் கண்ணை இடுக்குவதும் இதே வேலைதான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் அப்பர்ச்சரை மூடுகிறோம்.

உள்ளே நடப்பது இது. செடியில் ஒரு காப்பிப் பழம் இருக்கிறது. அதன் மேல் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் வெளிச்சம் லென்ஸின் துளை முழுவதிலும் நுழைந்து, பின்பக்கம் ஒரு கூம்பாகக் குவிந்து, நுனியில் ஒரு புள்ளியாகச் சேர்கிறது. அந்த நுனி சரியாகச் சென்சார் மேல் விழுந்தால் பழம் தெளிவு. பழத்துக்குப் பின்னால் நிற்கிற சில்வர் ஓக் மரத்திலிருந்து வரும் கூம்பின் நுனி சென்சாருக்கு முன்பே முடிந்துவிடும். நுனியைத் தாண்டி விரியத் தொடங்கிய வெளிச்சம் சென்சாரில் வட்டமாக விழும். ஆயிரக்கணக்கான வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்ததைத்தான் மங்கல் என்கிறோம்.

ஏற்காடு ஏரிக்கரையில் கடலை வாங்கினால் தாளைக் கூம்பாகச் சுருட்டித் தருவார்கள் அல்லவா? வாய் அகன்ற கூம்பு ஒன்று, ஒல்லியான கூம்பு ஒன்று, இரண்டும் ஒரே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நுனியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் எதில் பெரிய வட்டம் வரும்? அகன்றதில். கேமராவில் அந்தக் கூம்பின் வாய்தான் அப்பர்ச்சர். துளையைச் சுருக்கினால் எல்லாக் கூம்புகளும் ஒல்லியாகின்றன, எல்லா வட்டங்களும் சிறுக்கின்றன. வட்டம் ஓர் அளவுக்குமேல் சின்னதானால் நம் கண் அதைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். கிராப் சென்சாரில் அந்த எல்லையை வழக்கமாக 0.02 மி.மீ. என்று வைப்பார்கள். அந்த எல்லைக்குள் வருவதெல்லாம் 'தெளிவு', தாண்டியதெல்லாம் 'மங்கல்'.

ஆகவே ஆழம் என்பது கோடு கிழித்தது போல் ஓரிடத்தில் முடிவதில்லை. கச்சிதமான தெளிவு ஃபோகஸ் செய்த ஒரே தூரத்தில்தான். முன்னும் பின்னும் மெல்ல மெல்லக் குறைகிறது, எதுவரை நம் கண் பொறுத்துக்கொள்கிறது என்பதுதான் கணக்கு.

போனில் பார்க்கும்போது தெளிவாக இருந்த படம், பெரிதாக அச்சுப் போட்டால் மங்கலாக இருக்கிறது. ஏன்?

மேலே சொன்ன அதே காரணம். படத்தைப் பெரிதாக்கும்போது அந்தச் சின்ன வட்டங்களும் பெரிதாகின்றன. அச்சுக்குப் போகும் படம் என்றால் ஒரு படி கூடுதலாக மூடி எடுங்கள்.

ஆழத்தை அப்பர்ச்சர் மட்டும்தான் தீர்மானிக்கிறதா?

இல்லை. என் அனுபவத்தில் புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது தூரத்தைத்தான்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிற அக்காவைப் படம் எடுக்கிறீர்கள் (கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் பெரும்பாலும் சிரித்தபடி நிற்பார்கள், படமும் நன்றாக வரும்). 50 மி.மீ. லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம், எஃப்/1.8. ஆழம் 11 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் ஏறக்குறைய சரியாகப் போகும். எஃப்/8-க்கு மாற்றினால் 51 சென்டிமீட்டர்; முன்னால் இருக்கிற வாணலியின் விளிம்பும் தெளிவுக்குள் வரத் தொடங்கும்.

இப்போது எஃப்/1.8-லேயே வைத்துக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்துக்கு நெருங்குங்கள். ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரு கண் தெளிவு, முகம் சற்றுத் திரும்பியிருந்தால் மற்றக் கண் மங்கல். தூரத்தைப் பாதியாக்கினால் ஆழம் கால்வாசி ஆகிறது. எண்ணைத் தொடவே இல்லை, இரண்டு அடி எடுத்து வைத்தீர்கள், அவ்வளவுதான்.

என்னிடம் கேமராவோடு வந்த 18–55 லென்ஸ்தான் இருக்கிறது. பின்னணி கரைய எஃப்/1.8 லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

இங்கேதான் அந்த வகுத்தல் கணக்கு திரும்ப வருகிறது. யாராவது ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் நினைக்கும் விஷயம் இது.

மாலையில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நண்பரைக் கம்பி ஓரம் நிற்க வையுங்கள். அவருக்குப் பின்னால், கீழே, சேலம் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அவர் முகத்தில் ஃபோகஸ் செய்து எடுத்தால் விளக்கு ஒவ்வொன்றும் ஒரு ஒளி வட்டமாக விழும். அந்த வட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? பின்னணி மிகத் தொலைவில் இருந்தால், அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்தது போல, வட்டத்தின் அளவு உங்கள் லென்ஸின் துளை அளவேதான். நண்பர் எத்தனை மீட்டரில் நின்றாலும் இது மாறாது.

50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8: துளை 28 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27. ஆக, நண்பரின் கன்னத்தருகே பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி வைத்தது போல் விளக்குகள் தெரியும். உங்கள் 18–55-ஐ 55-இல் வைத்தால் அதிகபட்சம் எஃப்/5.6, துளை பத்து மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. சட்டைப் பொத்தான் அளவு வட்டங்கள். அதையே 18-இல் எஃப்/3.5 வைத்தால் ஐந்து மி.மீ.தான். எண் சின்னதாக இருக்கிறதே என்று 18-இல் எடுத்துப் பார்த்து, "கரையவே இல்லையே அண்ணா" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்றும் இதிலிருந்து புரியும். 55–250 மாதிரி, தூரத்தைக் கிட்டே காட்டுகிற ஒரு சாதாரண டெலி லென்ஸை 250-இல் எஃப்/5.6 வைத்தால் துளை 45 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைவிடப் பெரிய வட்டம்! நண்பர் தள்ளி நிற்க வேண்டும், கை ஆடக் கூடாது, வெளிச்சம் வேண்டும். இந்தச் சங்கடங்கள் உண்டு. ஆனாலும் பின்னணி கரைவதற்காக மட்டும் என்றால், வீட்டில் அந்த லென்ஸ் சும்மா இருக்கும்போது வேறு வாங்க வேண்டாம்.

வாங்குவதானால் 50 மி.மீ. எஃப்/1.8 நல்ல முதல் லென்ஸ். விலை குறைவு, எடை குறைவு. ஏற்காட்டுச் சாயங்கால வெளிச்சத்தில், மேகம் இறங்கிவிட்டால், அந்தப் பெரிய துளை தருகிற வெளிச்சத்துக்காகவே வைத்துக்கொள்ளலாம்.

போன் கேமராவிலும் எஃப்/1.8 என்றுதானே போட்டிருக்கிறது?

போட்டிருக்கிறது, பொய்யில்லை. ஆனால் போன் லென்ஸின் உண்மையான குவிய நீளம் ஆறேழு மி.மீ.தான். 1.8-ஆல் வகுத்துப் பாருங்கள்: நான்கு மி.மீ.க்குள் ஒரு துளை. தோட்டத்தில் மரத்தைப் பற்றி ஏறியிருக்கிற கொடியிலிருந்து உதிர்ந்த ஒரு மிளகின் அளவு. அந்தத் துளையால் முகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பெரிதாகக் கரைக்க முடியாது.

போர்ட்ரெய்ட் மோடில் வருகிற மங்கல் மென்பொருள் கணக்குப் போட்டு உண்டாக்குவது. எது முன்னால், எது பின்னால் என்று ஊகித்து வெட்டுகிறது. தலையில் மல்லிகைச் சரம் வைத்த ஒருவரை அப்படி எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: சரத்தின் ஓரத்து மொட்டுகள் பாதி தெளிவாகவும் பாதி கரைந்தும் இருக்கும், காதோரத்து முடி வெட்டுப்பட்டது போல் இருக்கும். வருடா வருடம் இது மேம்பட்டுத்தான் வருகிறது. ஆனால் அப்பர்ச்சரைக் கற்றுக்கொள்ள போன் உதவாது. பெரும்பாலான போன்களில் துளை அசைவதே இல்லை.

ஒரு விதிவிலக்கு: போனை ஒரு பூவுக்கு மிக அருகே, அது ஃபோகஸ் ஆகும் கடைசித் தூரம் வரைக்கும் கொண்டு போங்கள். பின்னணி உண்மையாகவே கரையும். தூரம் செய்கிற வேலை அது.

ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் பின்னணி அதிகம் கரையுமா?

அதே லென்ஸ், அதே இடம் என்றால் முகத்தருகே அதே பத்து ரூபாய் வட்டம்தான், சுற்றிலும் கூடுதலாகக் காட்சி சேரும். ஆனால் அதே சட்டகத்தை நிரப்ப 50-க்குப் பதில் 75 மி.மீ. போடுவீர்கள், எஃப்/1.8-இல் துளை 42 மி.மீ. ஆகிவிடும், அதனால் அதிகம் கரையும். இதற்காக மட்டும் லட்சக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம்.

லேடீஸ் சீட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் எடுக்க எந்த எண்?

முன்னால் எதுவும் இல்லாமல் தூரத்து மலையும் ஊரும் மட்டும்தான் என்றால் எஃப்/5.6 போதும், எஃப்/8 வைத்தால் லென்ஸ் தன் நல்ல நிலையில் இருக்கும். எல்லாமே தொலைவில் இருக்கும்போது ஆழத்தைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

முன்னால் ஒரு பாறை, அதில் பூத்த ஒரு செடி, அதற்குப் பின்னால் பள்ளத்தாக்கு என்று எடுக்கும்போதுதான் வேலை இருக்கிறது. 18 மி.மீ., எஃப்/8 வைத்து, இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டி ஃபோகஸ் செய்யுங்கள். ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவுக்குள் வந்துவிடும். இதற்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெயர்: அந்தத் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் அதன் பாதியிலிருந்து முடிவிலி வரைக்கும் தெளிவு. உங்கள் 18–55-க்கு இந்த ஒரு கணக்கை மட்டும் நினைவில் வைத்தால் ஏற்காட்டில் பாதிக் காட்சிகளுக்குப் போதும். தூரத்து மலையில் ஃபோகஸ் செய்வதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் முன்னால் இருக்கிற பாறை கொஞ்சம் கலங்கிப் போகும், ஆழத்தில் பாதி மலைக்குப் பின்னால், எதுவுமே இல்லாத இடத்தில் வீணாகும்.

அப்படியானால் எஃப்/22 வைத்துவிட்டால் எல்லாமே தெளிவாக வருமே?

ஆழம் கூடும், கூர்மை குறையும். வெளிச்சம் சிறிய துளை வழியாக நுழையும்போது ஓரத்தில் பட்டு விரிகிறது. இதை டிஃப்ராக்‌ஷன் என்பார்கள், தமிழில் விளிம்பு விளைவு. எஃப்/8-இல் ஒரு புள்ளி விரிகிற வட்டம் சுமார் 0.01 மி.மீ. எஃப்/16-இல் அது 0.02-ஐத் தாண்டிவிடும். எஃப்/22-இல் ஏறக்குறைய 0.03. நாம் தெளிவுக்கு வைத்த எல்லையே 0.02 தானே? ஆகவே எஃப்/22-இல் ஃபோகஸ் செய்த இடமே மெலிதாக மழுங்கிவிடுகிறது. கிராப் சென்சாரில் எஃப்/11 வரை நான் தயங்காமல் போவேன், எஃப்/16 தேவைப்பட்டால் மட்டும்.

1932-இல் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து 'குரூப் எஃப்/64' என்றே ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களால் எப்படி முடிந்தது என்று ஒரு மாணவி கேட்டார். அவர்கள் கேமராவின் ஃபிலிம் ஒரு புத்தகப் பக்கம் அளவு பெரியது. அதைக் கொஞ்சமே பெரிதாக்கினால் போதும், அல்லது அப்படியே அச்சுப் போடலாம். அதனால் அந்த மழுங்கல் கண்ணில் படாது.

எவ்வளவு மூடினாலும் மேகமூட்டத்தில் படம் மங்கலாகவே வருகிறதே?

அந்த மங்கல் ஃபோகஸைச் சேர்ந்தது இல்லை. காற்றில் நிற்கிற நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. அப்பர்ச்சரால் மேகத்தை விலக்க முடியாது. மூன்று விஷயம் மட்டும் செய்யுங்கள்: ஆட்டோ ஃபோகஸ் தடுமாறினால் ஒரு மரத்தண்டின் ஓரத்தில் பிடியுங்கள், வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 பக்கம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வெண்மை சாம்பலாகிவிடும், அப்புறம், எஃப்/1.8-ஐ மறந்துவிடுங்கள். முதல் மரம் கருமை, அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது நிழல் மாதிரி என்று மேகமே பின்னணியை அடுக்கடுக்காகப் பிரித்துத் தரும்போது, எஃப்/8-இல் அந்த மரங்களின் கோடுகள் தெளிவாக இருப்பதுதான் அழகு.

காப்பிப் பூவை அருகில் எடுத்தால் ஒரு இதழ் மட்டும் தெளிவாக வருகிறது. என்ன செய்வது?

மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழைக்குப் பிறகு சேர்வராயன் மலையில் காப்பி பூக்கும். கிளை முழுவதும் வெள்ளைக் கொத்து, மல்லிகையை ஒத்த வாசனை, சில நாளில் வாடிவிடும். அந்தச் சில நாளுக்காக நான் வருடம் முழுவதும் காத்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேக்ரோ லென்ஸில் ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பூவின் உண்மையான அளவே சென்சாரில் விழும்படி எடுத்தால், எஃப்/8-இல் ஆழம் 0.64 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எஃப்/16-க்குப் போனாலும் 1.3 மி.மீ.க்குள்தான். இந்த நெருக்கத்தில் அப்பர்ச்சரை மூடிப் பூ முழுவதையும் தெளிவுக்குள் கொண்டுவர முடியாது. போதாக்குறைக்கு, ஒன்றுக்கு ஒன்றில் வெளிச்சமும் இரண்டு படி குறையும்.

ஆகவே முதலில் கொஞ்சம் பின்வாங்குங்கள். பூ சட்டகத்தில் பாதி அளவு வரட்டும். ஆழம் கணிசமாகக் கூடும், மீதியை வெட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, பூ எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். காப்பிப் பூவின் இதழ்கள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். அந்த நட்சத்திரத்துக்கு நேர் எதிரே சென்சார் இணையாக இருக்கும்படி நின்றால் எல்லா இதழும் ஒரே தூரத்தில் வரும், மெல்லிய ஆழமே போதும். சாய்வாக நின்றால் எந்த எண்ணும் உதவாது. மூன்றாவது, காற்று. ஒரு மி.மீ. ஆழத்தில் கிளை ஒரு மி.மீ. அசைந்தாலே பூ வெளியே போய்விடும். காலை ஏழு மணிக்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும், அப்போது போங்கள்.

ஒன்றிரண்டு இதழ் மட்டும் தெளிவாக இருந்தால் தப்பா என்றும் கேட்கிறார்கள். தப்பே இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த இதழாக இருந்தால். நான் சூலக நுனியில் ஃபோகஸ் வைப்பேன். தோட்டம் யாருடையதோ, கேட்காமல் உள்ளே இறங்காதீர்கள். தேசிய ஆர்க்கிட் பூங்காவில் எடுப்பதானாலும் அனுமதி கேட்டுவிட்டே கேமராவை எடுங்கள்.

குடும்பமாக வந்திருக்கிறோம், பதினைந்து பேர். எல்லோர் முகமும் தெளிவாக வர?

மூன்று வரிசை என்றால் முதல் முகத்துக்கும் கடைசி முகத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்கும். 50 மி.மீ. லென்ஸில் ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் எஃப்/1.8-இல் ஆழம் 72 செ.மீ.; கடைசி வரிசைப் பெரியப்பா மங்கிவிடுவார். எஃப்/5.6-இல் இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்கும். பதினைந்து பேரும் உள்ளே வர 24 மி.மீ. வைத்து நான்கு மீட்டரில் நின்றால் எஃப்/5.6-இல் பின்னால் ஏரியில் போகிற படகு வரைக்கும் தெளிவு. நடு வரிசையில் ஃபோகஸ் வையுங்கள். வரிசைகளை நெருக்கி நிற்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இருந்தால் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போக விடாதீர்கள். குடும்பப் படங்கள் ஆழத்தால் கெடுவதைவிட அசைவால் கெடுவதுதான் அதிகம்.

'முன்னால் ஒரு பங்கு, பின்னால் இரண்டு பங்கு தெளிவு' என்று ஒரு விதி சொல்வார்கள். அது ஹைப்பர்ஃபோகல் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது மட்டும் சரி. அருகே வரவர இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும்.

எஃப்/1.8 இருக்கும்போது எல்லாப் படத்தையும் அதிலேயே எடுத்தால் என்ன?

நானும் அப்படி எடுத்தேன். சேலத்தில் ஒரு கல்யாணம், நான் ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் வருடம். தாலி கட்டும் நேரம், ஒன்றரை மீட்டரில் நின்று எஃப்/1.8-இல் எடுத்தேன். ஆழம் ஆறு சென்டிமீட்டர். ஆட்டோ ஃபோகஸ் மாலையைப் பிடித்துக்கொண்டது. படத்தில் சம்பங்கி இதழ் ஒவ்வொன்றும் எண்ணலாம் போல் இருந்தது. குனிந்திருந்த பெண்ணின் கண் மங்கல், தாலி முடிகிற மாப்பிள்ளை முகம் அதைவிட மங்கல். அந்த நிமிடம் திரும்ப வராது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார். ஸ்டுடியோ அண்ணன் அன்று சொன்னது: "தம்பி, எது தெரியணும்னு முதல்ல முடிவு பண்ணு. நம்பரை அப்புறம் தேடு."

அன்றிலிருந்து அந்த வரிசையிலேயே யோசிக்கிறேன். தாலி, பெண் முகம், மாப்பிள்ளை முகம் மூன்றும் தெரிய வேண்டும் என்றால் எஃப்/5.6, ஃபிளாஷ். பெண்ணின் மருதாணிக் கை மட்டும் போதும் என்றால் எஃப்/2.

பின்னணியும் அப்படித்தான். ஏற்காடு சாலையில், 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் அதை எஃப்/1.8-இல் கரைத்துவிட்டால் பின்னால் எந்த வளைவு இருந்தால் என்ன? எஃப்/8 வையுங்கள். வளைவு சற்று மென்மையாக, ஆனால் இன்ன இடம் என்று தெரியும்படி வரும்.

எண்ணை மாற்றினாலும் வியூஃபைண்டரில் ஒன்றும் மாறவில்லையே?

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் நீங்கள் பார்க்கும்போது துளை முழுதாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில்தான் சுருங்கும். சில மாடல்களில் லென்ஸ் பொருத்தும் இடத்தருகே ஒரு சின்ன பட்டன் உண்டு. அழுத்தினால் துளை சுருங்கிக் காட்டும், காட்சி இருட்டாகும், ஆழம் தெரியும். இல்லாவிட்டால் எடுத்துவிட்டுத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.

எந்த மோடில் வைத்துப் பழக வேண்டும்?

கேனனில் ஏ.வி., மற்றவற்றில் பெரும்பாலும் ஏ. எண்ணை நீங்கள் வையுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் 1/60-க்குக் கீழே போனால் ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் வெளிச்ச உணர்திறனை) ஏற்றுங்கள்.

இரவு விளக்குகள் சிலர் படத்தில் நட்சத்திரம் மாதிரி வருகிறதே?

எஃப்/11, எஃப்/16 என்று மூடினால் துளையின் மூலைகளில் வெளிச்சம் விரிந்து கதிர்களாகும். தகடுகள் இரட்டை எண்ணில் இருந்தால் அத்தனை கதிர், ஒற்றை எண்ணில் இருந்தால் இரண்டு மடங்கு: ஏழு தகடு என்றால் பதினாலு கதிர். டிரைபாட் கட்டாயம் வேண்டும்.

மலைக்கு வர முடியாத நாளில் வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

சேலத்து வீடு, கொலுசு இல்லாமல் இருக்காது. முத்து வைத்த கொலுசு ஒன்றை எடுத்து, கொக்கியைக் கழற்றி, ஜன்னலோர மேஜையில் கேமராவிலிருந்து விலகிப் போகிற மாதிரி நேர்க்கோட்டில் நீட்டி வையுங்கள். கேமராவை மேஜைமேல் ஒரு புத்தக அடுக்கில் அசையாமல் வையுங்கள். 18–55 லென்ஸ் என்றால் 55-இல் வைத்து, அரை மீட்டர் தூரத்தில், நடு முத்தில் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். ஏ.வி. மோடில் எஃப்/5.6, 11, 22 என்று மூன்று படம். இரண்டு நொடி டைமர் போடுங்கள், கை படக் கூடாது.

கணக்குப்படி எஃப்/5.6-இல் தெளிவு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், எஃப்/11-இல் மூன்று, எஃப்/22-இல் ஆறரை. ஒவ்வொரு படத்திலும் எத்தனை முத்து தெளிவாக இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணுங்கள். அப்புறம் நடு முத்தை மட்டும் மூன்று படத்திலும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஃப்/22-இல் அதன் பளபளப்பு கொஞ்சம் மழுங்கியிருப்பது தெரியும். ஃபோகஸ் மாறாமலே அது நடந்திருக்கிறது.

நான்காவதாக ஒரு படம், எண் எஃப்/5.6-லேயே இருக்க, ஒரு மீட்டருக்குப் பின்வாங்கி எடுங்கள். முத்துகளை எண்ணிவிட்டு முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது நான்கு படங்களையும் கொண்டு வாருங்கள், அடிவாரத்து டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்.